இராமநாதபுரம் கரையும் தேசியப் பேச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் நெருங்கினால் எங்கள் கரையில் ஒலிபெருக்கிக்கு ஓய்வே கிடையாது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், தொண்டி, ஏர்வாடி என்று எங்கே மேடை போட்டாலும் தேசம், இனம், மண், மானம் எல்லாம் பேச்சில் வந்துவிடும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும், வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களும் இது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் எந்தக் கட்சிக்கும் வக்கீல் இல்லை. கடலுக்குப் போகிறவர்களின் பிழைப்பு இந்தப் பேச்சில் காணாமல் போகிறதே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அதை மறைக்கப் போவதும் இல்லை.

தேசியம், தேசியம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். எல்லோரும் ஒன்றைத்தான் பேசுகிறார்களா?

இல்லை. எங்கள் கரையில் குறைந்தது மூன்று விதமான பேச்சு காதில் விழும். முதலாவது இந்தியத் தேசியம். அதைக் காங்கிரஸ் சுதந்திரப் போராட்டத்தின் வழியாகச் சொல்லும். பா.ஜ.க. காசி, ராமேஸ்வரம் என்ற புண்ணியத் தலங்களின் வழியாகச் சொல்லும். இரண்டாவது தி.மு.க., அ.தி.மு.க. பேசும் மாநில உரிமை: இந்தியாவுக்குள் இருந்துகொண்டே, தமிழ்நாட்டை டெல்லி மதிக்கவில்லை என்பது. மூன்றாவது நாம் தமிழர் கட்சி போன்றவை பேசும் தமிழ்த் தேசியம். அதில் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஈழத் தமிழரும் ‘நாம்’தான்.

கொள்கை வேறாக இருந்தாலும் பேச்சின் கட்டுமானம் பெரும்பாலும் ஒன்றே. முதலில் ‘நாம்’ யார் என்று சொல்வார்கள். பிறகு நாம் இழந்தது ஒன்று. அதைப் பறிகொடுத்த துரோகி ஒருவர். மீட்டுத் தரப் போகிறவர், அநேகமாகப் பேசுகிறவரின் தலைவர். இந்த நான்கும் எந்த இடத்தில் வருகின்றன என்று கவனித்துக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கட்சி மேடையிலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஏன் எல்லாரும் ராமேஸ்வரத்துக்கே வருகிறார்கள்?

நிலம் முடிகிற இடம், கோயில், கண்ணுக்கெட்டும் தூரத்தில் அந்நிய எல்லை. இந்த மூன்றும் சேர்ந்த ஊர் தமிழ்நாட்டில் வேறு எங்கும் இல்லை. 1897 ஜனவரி 26-இல் சிகாகோ புகழோடு திரும்பிய விவேகானந்தர் பாம்பன் குந்துகாலில் கரையிறங்கினார். பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றார். தேசத்தின் பெயரால் இங்கே கூட்டம் கூடுவது அன்றே தொடங்கிவிட்டது.

அண்மைக் காலத்தை மட்டும் பாருங்கள். 2008 அக்டோபரில் ஈழப் போரைக் கண்டித்துத் திரையுலகினர் பேரணி நடத்தியது ராமேஸ்வரத்தில். அங்கே பேசியதற்காகச் சீமானும் அமீரும் கைதானார்கள். 2023 ஜூலை 28-இல் அண்ணாமலையின் ‘என் மண் என் மக்கள்’ நடைபயணத்தை அமித் ஷா தொடங்கிவைத்தது ராமேஸ்வரத்தில். மூன்று வாரத்துக்குள், ஆகஸ்ட் 18-இல், முதல்வர் ஸ்டாலின் மண்டபத்தில் மீனவர் மாநாட்டில் பேசினார். 2024 ஜனவரியில் அயோத்தி விழாவுக்கு முந்தைய நாள் பிரதமர் மோடி தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இருந்தார். 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று புதிய பாம்பன் பாலத்தைத் திறந்துவைத்தார்.

வருவதில் தவறில்லை. வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் பின்னணிப் படமாக மட்டும் இருப்பதுதான் வலிக்கிறது. அதே தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். பிறகும் அங்கே குடிசை போட்டுப் பிழைத்த குடும்பங்கள் மின்சாரத்துக்கும் சாலைக்கும் பல பத்தாண்டுகள் காத்திருந்தன.

கச்சத்தீவு விஷயத்தில் உண்மையில் நடந்தது என்ன?

கச்சத்தீவு 285 ஏக்கர். குடிதண்ணீர் இல்லை, குடியிருப்பு இல்லை. ராமேஸ்வரத்துக்கு வடகிழக்கே, பாக் நீரிணையில் இருக்கிறது. ராமநாதபுரம் சமஸ்தானத்தின் உரிமையில் இருந்தது என்பது இந்தியத் தரப்பின் பழைய வாதம். அங்கே இருக்கும் அந்தோணியார் கோயிலைக் கட்டியவர் எங்கள் கரையின் நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1921-லேயே சென்னை, இலங்கை அரசுகள் இந்தக் கடலில் கோடு போடப் பேசின. அப்போதே தகராறு இருந்தது.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட உடன்பாட்டில் கடல் எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே போடப்பட்டது. தீவு இலங்கைப் பக்கம் போனது. அந்த உடன்பாட்டின் 5-ஆம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போலவே தீவுக்கு வரலாம், விசா வேண்டாம் என்கிறது. 6-ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் வழிவழியாக அனுபவித்த உரிமைகளை மற்ற நாட்டின் கடலிலும் அனுபவிக்கலாம் என்கிறது. அன்றைய முதல்வர் கருணாநிதி அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டினார். ஆகஸ்ட் 21-இல் சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது.

மேடையில் பலர் 1974-உடன் நிறுத்திவிடுவார்கள். மீனவனின் அடுப்பைத் தொட்டது 1976. நெருக்கடி நிலைக் காலம். ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. சட்டமன்றம் இல்லை, கேள்வி கேட்க ஆள் இல்லை. மார்ச் 23-இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் எல்லை வகுத்த இரண்டாம் உடன்பாடு கையெழுத்தானது. அன்று இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் எழுதிக்கொண்ட கடிதத்தில்தான், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்ற வரி வந்தது. 5-ஆம் பிரிவு ஓய்வெடுக்கவும், வலை உலர்த்தவும், திருவிழாவுக்குப் போகவும் மட்டும்தான் என்று அதன்பின் அரசே விளக்கம் சொல்லத் தொடங்கியது. கன்னியாகுமரிக்குத் தெற்கே மீன்வளம் நிறைந்த ‘வெட்ஜ் பேங்க்’ பகுதி இந்தியாவுக்கு உறுதியானதும் அதே 1976-இல். இதையும் மேடையில் கேட்டிருக்க மாட்டீர்கள்.

இந்த விஷயத்தில் எந்தக் கட்சி நேர்மையாக நடந்துகொண்டது?

என் பார்வையில், முழு நேர்மையோடு எதுவும் இல்லை. காங்கிரஸ் கொடுத்தது, மீனவரைக் கேட்காமலே கொடுத்தது. 1961-லேயே நேரு இந்தச் சின்னத் தீவுக்கு முக்கியத்துவம் தரவில்லை, உரிமை கோருவதைக் கைவிடத் தயக்கமில்லை என்று கோப்பில் எழுதியிருக்கிறார். தி.மு.க. 1974-இல் எதிர்த்துத் தீர்மானம் போட்டது உண்மை. ஆனால் உடன்பாட்டுக்கு முன்பே வெளியுறவுச் செயலாளர் முதல்வரைச் சந்தித்து விவரம் சொன்னார் என்பது 2024-இல் வெளிவந்த ஆவணங்களில் இருக்கிறது. பிறகு பல ஆண்டுகள் மத்திய ஆட்சியில் பங்கு வகித்தும் தீவு விஷயம் ஓர் அங்குலம் நகரவில்லை. ஜெயலலிதா 1991-இல் ஆட்சிக்கு வந்ததும் மீட்பேன் என்று முழங்கினார். 2008-இல் உச்ச நீதிமன்றம் போனார். நாட்டின் நிலத்தைப் பிற நாட்டுக்குக் கொடுக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்ற பெருபாரி வழக்கின் தீர்ப்பை முன்வைத்தது நல்ல சட்ட வாதம். 2013-இல் கருணாநிதியும் வழக்குப் போட்டார். இரண்டு கழகங்களும் யார் முதலில் போட்டது என்பதில் காட்டிய வேகத்தை, சேர்ந்து நின்று வாதாடுவதில் காட்டவில்லை.

பா.ஜ.க.வின் கதை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. 2014 ஆகஸ்டில் மோடி அரசின் தலைமை வழக்கறிஞர் முகுல் ரோத்தகி உச்ச நீதிமன்றத்தில், தீவு வேண்டுமென்றால் போருக்குத்தான் போக வேண்டும் என்ற பொருளில் பேசினார். 2015 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் தகவல் உரிமைக் கேள்விக்குத் தந்த பதில்: அந்தப் பகுதி அதற்கு முன் வரையறுக்கப்படவே இல்லை, அதனால் இந்திய நிலத்தைப் பெறுவதோ விட்டுக்கொடுப்பதோ இதில் இல்லை. அந்த மாத இறுதியில் வெளியுறவுச் செயலாளர் ஆனவர் ஜெய்சங்கர். 2024 மார்ச் 31-இல், தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, காங்கிரஸ் தீவைத் தாரைவார்த்தது என்று பிரதமர் பதிவு போட்டார். மறுநாள் வெளியுறவு அமைச்சராக ஜெய்சங்கர் அதை விளக்கிச் செய்தியாளர்களைச் சந்தித்தார். தேர்தல் முடிந்தபின் இலங்கையிடம் தீவை வெளிப்படையாகக் கேட்டதாக ஒரு செய்தியும் இல்லை.

2025 ஏப்ரல் 2-இல் தமிழகச் சட்டமன்றம் கச்சத்தீவை மீட்கக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. பா.ஜ.க. உறுப்பினர்களும் ஆதரித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் தன் கட்சியின் மதுரை மாநாட்டில் விஜயும் அதே கோரிக்கையை எடுத்தார். ஆக, இன்று எதிர்ப்பவர் என்று ஒருவரும் இல்லை. எல்லோரும் ஒரே குரலில் கேட்டும் நகராத ஒன்றை வைத்துத்தான் ஒருவரை ஒருவர் துரோகி என்கிறார்கள்.

தீவு திரும்பக் கிடைத்தால் மீனவர் பிரச்சினை தீருமா?

தீராது. கொஞ்சம் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். இதைச் சொன்னால் கரையிலேயே சிலர் கோபப்படுவார்கள். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

பாக் நீரிணை ஒடுங்கிய கடல். ராமேஸ்வரத்திலிருந்து எல்லைக்கோடு சுமார் 12 கடல் மைல். அதில் கரையிலிருந்து 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு என்று 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் ஒதுக்கியிருக்கிறது. மிச்சம் இருக்கும் ஒடுக்கமான பட்டையில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் மடி (இழுவலை) இழுக்க வேண்டும். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்து, டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். அத்தனை ஆண்டுகள் அடிமடி, அதாவது கடலின் அடித்தரையை வாரும் வலை, இழுத்த கடலில் நம் பக்கம் மீன்பாடு குறைந்துவிட்டது. டீசல் காசு எடுக்க வேண்டும், சம்மாட்டிக்கு (படகு முதலாளிக்கு) கடன், கூலியாட்களுக்குப் பங்கு. படகு தானாகக் கோட்டைத் தாண்டுகிறது.

தாண்டிப் போகிற இடம் கச்சத்தீவைச் சுற்றி மட்டும் இல்லை. நெடுந்தீவு, யாழ்ப்பாணம், தலைமன்னார்க் கரைகள் வரை போகிறார்கள். தீவு நம் கைக்கு வந்தாலும் அந்தக் கரைகள் இலங்கையுடையவைதான்.

கடந்த 20 ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்கள் பிடிக்கப்பட்டார்கள், 1,175 படகுகள் பறிமுதல் ஆயின என்று ஜெய்சங்கரே 2024 ஏப்ரலில் சொன்னார். ஒவ்வொரு படகும் ஒரு குடும்பத்தின் நகை, வீட்டுப் பத்திரம், வட்டிக்கடன். ஆட்களை விட்டாலும் படகை விடுவதில்லை. சிறையிலிருந்து வந்தவர் மீண்டும் கூலியாக இன்னொருவர் படகில் ஏறி அதே கோட்டுக்குத்தான் போகிறார்.

வழி இருக்கிறதா என்றால், ஒன்று பேசப்பட்டது. 2016 நவம்பரில் டெல்லியில் இரு நாடுகளும் அடிமடி இழுப்பதைக் கூடிய விரைவில் படிப்படியாக நிறுத்துவது என்று ஒப்புக்கொண்டு கூட்டுப் பணிக்குழு அமைத்தன. 2017-இல் விசைப்படகை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுக்கு மாறும் திட்டம் வந்தது. படகு விலை 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் மீனவர் கையிலிருந்து. மூன்று ஆண்டில் 2,000 படகு என்பது இலக்கு. இறங்கியவை அதில் சிறு பங்கு மட்டுமே. 80 லட்சம் போதவில்லை, வங்கி கடன் தரவில்லை, ஒரு நாள் கடல் பழகியவருக்கு வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கப் பயிற்சி இல்லை. மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து போட்ட திட்டம் இது. ஏன் தேங்கியது என்று இரண்டு பக்கத்துத் தலைவரும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை. அதைப் பேசினால் கைதட்டல் வராது.

சிங்களக் கடற்படை, தமிழ் மீனவன் என்று சொல்வது தவறா?

கடற்படை அடித்தது உண்மை. சுட்டது உண்மை. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார். ஊரே உடலை வாங்க மறுத்து உட்கார்ந்தது. அந்தக் கோபத்தை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் வடக்கு இலங்கை மீனவர் இல்லாமல் போகிறார். அவரும் தமிழர். போர்க்காலத்தில் பெரும்பாலும் கடலுக்குப் போகத் தடை. 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை போட்டார். நம் விசைப்படகு அந்த வலையை இழுத்துக்கொண்டு போகிறது. இலங்கையில் 2017-இல் அடிமடியைத் தடைசெய்த சட்டத்துக்கு அடித்தளம், அன்றைய யாழ்ப்பாணத் தமிழ் எம்.பி. எம்.ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் மசோதா. தொப்புள்கொடி உறவு என்று இங்கே மேடையில் உருகுகிறவர்கள், அந்த உறவின் அறுந்த வலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேசினால் இங்கே ஓட்டுப் போகும். இரண்டு கரை மீனவர்களும் பல முறை நேரில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சில் இனம் பற்றி அதிகம் இருக்காது. எத்தனை நாள், எத்தனை மைல், எந்த வலை என்றுதான் போகும்.

டெல்லி ‘தமிழக மீனவர்’ என்கிறது, ‘இந்திய மீனவர்’ என்று சொல்வதில்லை என்ற புகார் பற்றி?

புகாரில் நியாயம் இருக்கிறது. குடிமகனைச் சுட்டால் நாடு முழுவதும் கொதிக்க வேண்டும், ஒரு மாநிலத்தின் தலைவலியாக ஒதுக்கக் கூடாது. ஆனால் இதே புகாரைச் சொல்லும் மாநிலக் கட்சிகள் ‘தமிழன் என்பதால் அடிக்கிறான்’ என்று அடுத்த வரியிலேயே சொல்லும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது முதல் கோரிக்கை பலமிழக்கிறது.

சேது சமுத்திரத் திட்டம் ஏன் தேசியப் பிரச்சினை ஆனது?

2005 ஜூலை 2-இல் மதுரையில் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். பாக் நீரிணை வழியே கப்பல் போக 167 கிலோமீட்டர் கால்வாய். தி.மு.க.வுக்கு அது தமிழனின் நூற்றாண்டுக் கனவு, தெற்கை வஞ்சித்த டெல்லி திருப்பித் தரும் கடன். 2007 செப்டம்பரில் ராமாயணப் பாத்திரங்களுக்கு வரலாற்றுச் சான்றில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு மனுப் போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் திரும்பப் பெற்றது. அத்தோடு கால்வாய்க்காக வெட்டவிருந்த மணல்திட்டு பா.ஜ.க.வுக்கு ராமர் பாலமாக, நாட்டின் அடையாளமாக ஆனது. ஒருவருக்கு இனத்தின் கனவு, மற்றவருக்கு மதத்தின் சின்னம்.

கடல் தோண்டினால் கலங்கும் தண்ணீரில் மீன் நிற்குமா, கப்பல் போகும் பாதையில் வலை விடலாமா, பவளப்பாறை என்ன ஆகும் என்று எங்கள் கரை கேட்டது. அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் காது கொடுக்கவில்லை. 2023 ஜனவரியில் சட்டமன்றம் திட்டத்தை மீண்டும் கேட்டுத் தீர்மானம் போட்டபோதும் அது விவாதத்தின் ஓரத்தில்தான் இருந்தது.

அப்துல் கலாமை எந்தக் கட்சி சொந்தம் கொண்டாடலாம்?

எதுவும் வேண்டாம் என்பேன். பள்ளிவாசல் தெருவில் பிறந்து, கோயில் வாசலில் வளர்ந்த பிள்ளை. பேக்கரும்பில் 2017 ஜூலை 27-இல் நினைவகம் திறந்தபோது வீணை வாசிக்கும் சிலையும் அருகில் பகவத் கீதையும் வைத்ததற்குப் பல கட்சிகள் ஆட்சேபம் தெரிவித்தன. குடும்பத்தார் குர்ஆனையும் பைபிளையும் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கும் சர்ச்சை. ‘நல்ல முஸ்லிம்’ என்பதற்கு அவரை அளவுகோலாக்கி, கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் இருக்கும் மற்றவர்களை அதில் அளப்பது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. எங்கள் கரையில் இஸ்லாமியர் மரைக்காயர் காலத்திலிருந்து கடலோடிகள், வணிகர்கள், தமிழ்ப் புலவர்களைப் புரந்தவர்கள். தேசப்பற்றுக்கு அவர்கள் யாரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை.

பசும்பொன்னும் பரமக்குடியும் இதில் எங்கே வருகின்றன?

கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே. ஆனால் இந்த மாவட்டத்தின் தேசியப் பேச்சு அவற்றைத் தொடாமல் முழுமையாகாது. குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்ற முத்துராமலிங்கத் தேவர், நேதாஜியின் ஃபார்வர்டு பிளாக்கின் தலைவர்களில் ஒருவர். ‘தேசியமும் தெய்வீகமும் இரு கண்கள்’ என்பது அவர் பெயரோடு ஒட்டிய வாசகம். அக்டோபர் 30-இல் பசும்பொன்னுக்கு வராத கட்சி இல்லை. 2014-இல் ஜெயலலிதா 13 கிலோ தங்கக் கவசம் கொடுத்தார். இமானுவேல் சேகரன் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கலந்துகொண்டவர், ராணுவத்தில் பணியாற்றியவர், 1957 செப்டம்பர் 11-இல் பரமக்குடியில் கொல்லப்பட்டார். அங்கேயும் இப்போது எல்லாக் கட்சியும் மாலையோடு வருகிறது.

தேசத்துக்காக உழைத்தவர் என்று இருவரையும் சொல்லலாம். ஆனால் இரண்டு மேடையிலும் தேசம் என்ற பெயரில் கணக்குப் பார்க்கப்படுவது சாதி ஓட்டு. அந்த இரண்டு நாட்களிலும் மாவட்டம் முழுதும் போலீஸ் நிற்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதிதில்லை.

இந்தி, தமிழ் விவாதம் இங்கே எப்படி இருக்கிறது?

பாம்பன் பாலம் திறந்த அன்று பிரதமர், தமிழகத் தலைவர்கள் தனக்கு எழுதும் கடிதங்களில் கையெழுத்துகூடத் தமிழில் இல்லை என்று குறைபட்டார். அதே ஆண்டு மும்மொழியை ஏற்காததால் பள்ளிக் கல்விக்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது என்று மாநில அரசு போராடிக்கொண்டிருந்தது. அக்னி தீர்த்தக் கரையில் சங்கு விற்கும் பெண்கள் இந்தியிலும் தெலுங்கிலும் விலை சொல்வார்கள். பிழைப்புக்கு வேண்டிய மொழியை அவர்கள் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். அரசு கட்டாயப்படுத்துவது வேறு விஷயம். அதை எதிர்ப்பதில் நான் தமிழக மக்களோடுதான் நிற்கிறேன்.

மண்டபம் முகாமில் இருப்பவர்கள் எந்தத் தேசியத்தில் அடங்குவார்கள்?

இதுவரை எதிலும் இல்லை. இலங்கையிலிருந்து 1983 முதல் அகதிகளாக வந்தவர்கள், 2022 பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவர்கள். முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கும் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்துக்கள் உட்பட ஆறு மதத்தாருக்கு வழி திறந்தது. இலங்கையிலிருந்து வந்த இந்துவுக்குத் திறக்கவில்லை. அந்தச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் அ.தி.மு.க. ஆதரவாக வாக்களித்தது. மத்திய ஆட்சியில் பங்கு வகித்த ஆண்டுகளில் தி.மு.க.வும் இவர்களுக்குக் குடியுரிமை வாங்கித் தரவில்லை. 2021-இல் அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். அது நல்ல காரியம். குடியுரிமை இன்னும் வரவில்லை.

இந்தப் பேச்சு ஓட்டு வாங்கித் தருகிறதா?

இந்த இராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் பார்த்தால், நினைக்கிற அளவுக்கு இல்லை. 2019-இல் முஸ்லிம் லீக்கின் நவாஸ் கனி, பா.ஜ.க.வின் நயினார் நாகேந்திரனைத் தோற்கடித்தார். கச்சத்தீவு நாடு முழுதும் தலைப்புச் செய்தியான 2024-இல் அதே நவாஸ் கனி, பா.ஜ.க. ஆதரவோடு நின்ற முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தை 1.6 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். கூட்டணிக் கணக்கு, சாதி, இஸ்லாமியர் வாக்கு, வேட்பாளர் என்று காரணங்கள் பல உண்டு. தீவுப் பேச்சு வடக்கே தொலைக்காட்சி பார்ப்பவருக்காகப் பேசப்பட்டதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

இலங்கைக் கட்சிகளும் இதையே செய்கின்றனவா?

ஆம். இங்கே ஒருவர் தீவைக் கேட்டால் அங்கே ஒருவர் ஒரு பிடி மண்ணும் தரமாட்டோம் என்பார். 2025 செப்டம்பர் 1-இல் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க கச்சத்தீவில் போய் இறங்கினார், விஜயின் மதுரை மாநாட்டுப் பேச்சு நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வடக்கு மீனவரின் வலையைக் காக்கிறோம் என்பது அவர் கட்சிக்கு யாழ்ப்பாணத்தில் உதவும் வாதமும்கூட.

தேர்தலில் இப்படிப் பேசச் சட்டம் அனுமதிக்கிறதா?

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு மதம், இனம், சாதி, மொழி பெயரால் ஓட்டுக் கேட்பதையும், தேசியக் கொடி போன்ற சின்னங்களைப் பயன்படுத்துவதையும் முறைகேடு என்கிறது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. ஆனால் ‘நம் மண்ணை மீட்போம்’ என்பது இதில் அடங்காது. அதைத் தடுக்கவும் கூடாது. பதில் கேள்வி கேட்பதுதான் நம் வேலை.

அப்படியானால் வேட்பாளரிடம் என்ன கேட்கலாம்?

பிடிபட்ட படகுக்கு இழப்பீடு எவ்வளவு, எத்தனை மாதத்தில் தருவீர்கள் என்று கேளுங்கள். ஆழ்கடல் திட்டத்தில் மானியத்தை உயர்த்தி, வங்கிக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தருமா என்று கேளுங்கள். கூட்டுப் பணிக்குழுவில் இரு கரை மீனவர் பிரதிநிதிக்கு இடம் உண்டா, அடிமடியை எந்த ஆண்டுக்குள் நிறுத்துவீர்கள், அதுவரை கூலியாட்களுக்கு என்ன வருமானம் என்று கேளுங்கள். நாட்டுப்படகுக்காரர்களின் கேள்வி வேறாக இருக்கும், அவர்களையும் கேட்கவிடுங்கள். முகாம் பிள்ளைகளின் குடியுரிமைக்குத் தனி மசோதா கொண்டுவருவீர்களா என்று நாடாளுமன்ற வேட்பாளரிடம் கேளுங்கள்.

இன்னும் ஒன்று, மறந்துவிடாதீர்கள். பாம்பன் சின்னப்பாலம் முதல் ஏர்வாடிப் பக்கம் வரை கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆனபின், தங்கள் தாய்மார் பாசி எடுத்த அதே தீவுகளுக்குப் போனால் வனத்துறை தடுக்கிறது. கச்சத்தீவு பற்றி முழங்குகிற எவரும் இந்த 21 தீவுகளைப் பற்றிப் பேசுவதில்லை. இவை இந்தியாவுக்குள்தான் இருக்கின்றன, எந்த நாட்டோடும் பேச்சுவார்த்தை வேண்டாம். அந்தப் பெண்களுக்குப் பாசி எடுக்க எத்தனை நாள், எந்த இடம், எந்த அடையாள அட்டை என்று எழுத்தில் தருவீர்களா எனக் கேளுங்கள்.